எட்டு ஜிபிக்குப் பன்னிரண்டு ஜிபி கேட்ட கெர்னல்

கணினி தொடங்கும்போது கிராஃபிக்ஸ் டிரைவர் எழுதிவைக்கும் பதிவின் ஒரு வரியில் ஒரே ஓர் எண்தான் மாறியிருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பழைய பதிப்பில் "விராம் 8176எம், பார் 8192எம்" என்றிருந்த வரி, புதிய கெர்னலுக்கு மாறியபின் "விராம் 8176எம், பார் 256எம்" என்று வந்தது. விராம் என்பது கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகம்; பார் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த வரிக்குச் சற்று மேலே, பெரிய பாருக்குப் போதிய பிசிஐ முகவரி இடம் இல்லை என்று ஒரு குறிப்பு இருந்தது. கணினி உறையவில்லை, திரை கறுக்கவில்லை, எந்த மென்பொருளும் பிழை சொல்லவில்லை. பதிவைத் திறந்து பார்க்காதவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையை ஒட்டிய கடைவீட்டு மாடியில், கைப்பேசித் திரை மாற்றுவதும் மடிக்கணினி பழுதுபார்ப்பதும்தான் என் அன்றாடப் பிழைப்பு. இந்தக் கணினிக்குச் சொந்தக்காரர் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தம்பி. கல்யாணம், காதுகுத்து, தீமிதித் திருவிழா என்று படம்பிடித்துத் தொகுத்துக் கொடுக்கிறார். இடையிடையே, தோட்டத்து வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கும் பழைய விஎச்எஸ் நாடாக்களைக் கணினிக் கோப்பாக மாற்றியும் தருகிறார். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபின், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளைக் காலிசெய்து பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்ட குடும்பங்களுக்கு, அந்த நாடாக்களில்தான் பழைய கோயிலும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களமும் மிச்சமிருக்கின்றன. அந்த வேலைக்காகக் கணினியின் இரண்டாவது துளையில் ஒரு கேப்சர் அட்டை இருந்தது. அந்த அட்டை என்னை எப்படி ஏமாற்றியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"அண்ணே, வேலையெல்லாம் செய்யுது. ஆனா முன்ன மாதிரி இல்ல. டைம்லைன்ல இழுத்தா கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் நகருது," என்றார் தம்பி. தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. முந்தைய வாரம் இயங்குதளம் புதுப்பித்துக்கொண்டதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று உறுதியாகச் சொன்னார். கணினிப் பழுது பார்ப்பவர்கள் இந்தச் சொல்லை அவ்வளவாக நம்புவதில்லை. இந்த முறை அது உண்மையாக இருந்தது.

பார் என்பதைச் சற்று விளக்கிவிட்டுப் போவது நல்லது. தமிழில் எழுதும்போது இந்தச் சொல் ஏவல் வினையாக ஒலித்துத் தொல்லை தருகிறது என்றாலும் தொழிலில் எல்லாரும் சொல்வது இதைத்தான். தாய்ப்பலகையில் செருகும் பிசிஐ அட்டை ஒவ்வொன்றிலும், தன் நினைவகத்தைச் செயலியின் முகவரிப் பரப்பில் எந்த இடத்தில் காட்ட வேண்டும் என்று குறித்துவைக்கும் பதிவேடுகள் உண்டு, அவையே பார். கிராஃபிக்ஸ் அட்டையில் 8 ஜிபி நினைவகம் இருந்தாலும், 32 பிட் முகவரிகளின் காலத்திலிருந்து வந்த வழக்கப்படி, செயலிக்கு அதில் 256 எம்பி மட்டுமே ஒரு சன்னல் வழியாகத் தெரியும். மற்ற பகுதிக்குள் எதையாவது வைக்க வேண்டுமென்றால் அட்டையே நகர்த்திக்கொள்ள வேண்டும், அல்லது அந்தச் சிறு சன்னலுக்குள் பொருள்களை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். இந்தச் சன்னலின் அளவை மாற்றிக்கொள்ளும் வசதியைப் பிசிஐ தரக்குழு 2008இல் வரையறுத்தது. லினக்ஸில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரல் உதவாவிட்டாலும் கெர்னலே பாரைப் பெரிதாக்கிக்கொள்ளும் ஏற்பாடு, 2018 ஜனவரியில் வெளிவந்த 4.15 பதிப்பில் நுழைந்தது. 2020இன் இறுதியிலிருந்து விளையாட்டுப் பிரியர்களிடையே இந்த வசதி பேசப்பட்டு, புதிய தாய்ப்பலகைகளின் பயாஸில் அதற்கெனத் தனி விருப்பமே வந்துவிட்டது. தம்பியின் தாய்ப்பலகை அதற்கெல்லாம் முந்தியது. 4 ஜிபிக்கு மேலும் முகவரி கொடுக்கும் விருப்பம் மட்டும் அதில் இருந்தது. மீதி வேலை கெர்னலுடையது.

இந்தக் கட்டுரையில் கெர்னல் பதிப்பு எண்களைக் குறிப்பிடாமல் பழையது, புதியது என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு லினக்ஸ் வெளியீடும் தனக்கு வேண்டிய திருத்தங்களைச் சேர்த்தும் விட்டும் கட்டுவதால், என் எண்ணை வைத்து இன்னொருவர் தம் கணினியைப் பற்றி முடிவுசெய்வது சரிவராது.

முதல் நாள் எளிய சந்தேகங்களைக் கழித்தேன். தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தால் 8192, புதியதைத் தேர்ந்தால் 256. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே விடை. மின்னல் காலத்தில் பயாஸ் அமைப்புகள் கலைந்துபோவதை இந்த ஊரில் அடிக்கடி பார்த்திருப்பதால், மூன்று வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் பலகையின் பொத்தான் மின்கலத்தையும் மாற்றினேன். அது வீண்செலவு. அட்டை தன்னால் என்னென்ன அளவுகள் முடியும் என்று சொல்வதையும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் பார்த்தேன்: 256 எம்பி, 512 எம்பி, 1, 2, 4, 8 ஜிபி. இரு கெர்னல்களிலும் பட்டியல் ஒன்றே.

அடுத்த கேள்வி, தவறு கிராஃபிக்ஸ் டிரைவரிலா, அதற்கு அடியில் இருக்கும் பிசிஐ பகுதியிலா என்பது. இதைப் பிரித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. கெர்னல் சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடைவில் ஒவ்வொரு சாதனத்தின் கீழும், அளவு மாற்றக்கூடிய பாருக்கு ஒரு கோப்பு இருக்கிறது. அதைப் படித்தால் ஆதரிக்கப்படும் அளவுகள் பதினாறடிமான எண்ணாக வரும். இந்த அட்டைக்கு 3எஃப்00, அதாவது எட்டாவது பிட்டிலிருந்து பதின்மூன்றாவது பிட் வரை. அந்தக் கோப்பில் 8 என்று எழுதினால் 2இன் எட்டாம் அடுக்கு எம்பி, அதாவது 256. 13 என்று எழுதினால் 8192. முதலில் டிரைவரை அட்டையிலிருந்து விடுவிக்க வேண்டும். அப்போது திரை போய்விடும் என்பதால் என் மடிக்கணினியிலிருந்து, இன்னொரு கணினிக்குக் கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து வேலையைச் செய்தேன்.

புதிய கெர்னலில் 13 எழுதியதும் இடம் இல்லை என்ற பிழை எண் 28 வந்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் அப்போது அட்டையின் பக்கமே இல்லை. ஆகவே அதன்மேல் பழி போட இடமில்லை. 12 எழுதிப் பார்த்தேன். பார் உடனே 4 ஜிபியாக விரிந்தது. முகவரிப் பரப்பின் வரைபடமான ஐயோமெம் கோப்பை நிர்வாகி உரிமையோடு திறந்தபோது, 4 ஜிபி பாரும் அதே அட்டையின் 2 எம்பி பார் ஒன்றும் அடங்கிய, அட்டையைச் செயலியோடு இணைக்கும் பாலத்தின் சன்னல் 6 ஜிபி அளவில் இருப்பது தெரிந்தது. நான்குக்கு ஏன் ஆறு என்று ஒரு கணம் தோன்றியது. குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் பிறகு செலவழித்த நான்கு நாள்களில் மூன்று மிச்சமாகியிருக்கும்.

அப்படிச் செய்யாமல், வரைபடத்தில் கண்ணில் பட்ட வேறொன்றின் பின்னால் போனேன். இந்தப் பலகையின் பயாஸ், 4 ஜிபிக்கு மேல் பிசிஐ சாதனங்களுக்கென்று 32 ஜிபி முகவரியிலிருந்து 44 ஜிபி முகவரி வரை, மொத்தம் 12 ஜிபி அகலத்தில் ஒரு பரப்பை ஒதுக்கியிருந்தது. அந்தப் பரப்பின் மேல் முனையில், 44 ஜிபியை ஒட்டினாற்போல், 64 எம்பி அளவில் கேப்சர் அட்டையின் பாலம் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிய கெர்னலில் தொடங்கினேன். பார் 8192எம் என்று வந்தது.

தம்பிக்கு அழைத்து, கேப்சர் அட்டைதான் காரணம் என்று சொல்லிவிட்டேன். "அது போன வருசத்திலேருந்து அங்கேயேதானே அண்ணே இருக்கு? பழைய கெர்னல்ல ரெண்டும் ஒண்ணாத்தானே ஓடுச்சு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 8 ஜிபியும் 2 எம்பியும் 64 எம்பியும் கூட்டினால் 12 ஜிபிக்குள் தாராளமாக அடங்குகின்றன. இடநெருக்கடி இல்லாத இடத்தில் இடமில்லை என்று புதிய கெர்னல் ஏன் சொல்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி என்பதை அவர்தான் எனக்கு நினைவூட்டினார். பயாஸ் ஒதுக்கிய எல்லையைப் புறக்கணிக்கச் சொல்லும் தொடக்க விருப்பம் ஒன்றும் கெர்னலில் இருக்கிறது. அதைப் போட்டால் பார் விரிகிறது என்பதையும் பார்த்தேன். ஆனால் எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டு நிலத்தை அளக்கும் அந்த வைத்தியத்தோடு ஒரு வாடிக்கையாளரின் கணினியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே கிட் பைசெக்ட்: கோளாறு எந்த மாற்றத்தோடு நுழைந்தது என்று தேடும் கருவி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கெர்னலைக் கட்டிச் சோதித்து, பார் விரிந்தால் நல்லது, விரியாவிட்டால் கெட்டது என்று குறிக்க வேண்டும். பழைய கெர்னலுக்கும் புதியதற்கும் இடையே பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்ட கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள், இருந்தன. பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போனால் பதினான்கு சுற்று. டிரைவர் இல்லாமலே கோளாறு தெரிகிறது என்பதை ஏற்கெனவே நிறுவியிருந்ததால், பிசிஐ அடைவைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சுற்றுகள் ஒன்பதாகக் குறைந்தன. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் துணைப்பகுதிகளான மாட்யூல்களை மட்டும் சேர்த்துக் கட்டும் முறையில் உள்ளமைவைச் சுருக்கியபின், தம்பியின் நான்கு கரு கணினியில் ஒரு கட்டுமானத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. கட்டிய கெர்னலின் பெயரோடு கமிட்டின் அடையாளமும் தானாக ஒட்டிக்கொள்ளும்படி அமைத்துக்கொண்டேன். எந்தக் கெர்னலில் நிற்கிறோம் என்ற ஐயம் வந்துவிட்டால் பைசெக்ட் முழுவதும் பாழ்.

மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தபோது மாலை இடி இறங்கி மின்சாரம் போனது. மறுபடி தொடங்கியபோது, கட்டும் கருவி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, கடைசியில் இணைக்கும் கட்டத்தில் விழுந்தது. மின்சாரம் போன நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த பொருள் கோப்புகள் சில பூஜ்ய பைட்டு அளவில் கிடந்தன. அவை புதியவை என்று கருவி நம்பிவிட்டது. பூஜ்ய அளவுக் கோப்புகளைத் தேடி அழித்தபின் சரியானது. அதன் பிறகு பகலில் கடை வேலை, இரவு ஒன்பதுக்கு மேல் கெர்னல் வேலை என்று வைத்துக்கொண்டேன்.

முதல் நான்கு சுற்றுகளில் நல்லதும் கெட்டதும் கலந்து வந்தன. ஐந்தாவது நல்லது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது நான்கும் கெட்டவை. முதல் கெட்ட கமிட் என்று கருவி காட்டியதைத் திறந்தால், கணினி ஓடும்போதே செருகும் சாதனங்களுக்கான ஒரு கோப்பில், விளக்கக் குறிப்பில் இருந்த எழுத்துப்பிழையை யாரோ திருத்தியிருந்தார். ஓர் எழுத்தைத் திருத்தியதால் 8 ஜிபி சுருங்காது. உறுதிப்படுத்திக்கொள்ள அந்தக் கமிட்டை மட்டும் திருப்பிவிட்டுப் புதிய கெர்னலைக் கட்டினேன். 256தான் வந்தது.

அப்போதுதான் சுற்றுகளின் வரிசையை உற்றுப் பார்த்தேன். நிஜமான பைசெக்ட்டில், கடைசிச் சுற்றுகளில் இரு வகை விடையும் கலந்து வருவதுதான் இயல்பு. ஐந்தாவதற்குப் பிறகு எல்லாமே கெட்டதாக வந்து, ஐந்தாவது கமிட்டுக்கு மிக அடுத்ததில் போய் முட்டி நின்றதென்றால், ஐந்தாவதற்கு நான் வைத்த குறியே பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். கெட்டதை நல்லதென்று குறித்துவிட்டால் தேடல் அதற்குப் பின்னாலேயே சிறைப்பட்டுவிடும். ஐந்தாவது சுற்று நடந்த இரவு என்ன நடந்தது என்று தம்பியைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அன்னிக்கு ஒரு வீட்டு டேப் அவசரமா மாத்தித் தரணும்னு கேப்சர் கார்டை கழட்டிட்டுப் போனேன் அண்ணே. நீங்க கீழ சாப்பிடப் போயிருந்தீங்க. மறுநாள் காலையில திரும்ப மாட்டிட்டேன்," என்றார்.

கேப்சர் அட்டை இல்லாதபோது புதிய கெர்னலிலும் பார் விரிகிறது என்பதை நானே சோதித்து அறிந்திருந்தேன். ஆயினும் ஒவ்வொரு சுற்றிலும் அது துளையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குற்றம் தம்பியுடையது அல்ல. பட்டறையில் நிற்கும் பொருளைக் காவல் காப்பது என் வேலை. ஒரு மஞ்சள் தாளில் "கழற்றினால் சொல்லவும்" என்று எழுதி அந்தத் துளைக்கு மேலே ஒட்டினேன். கெர்னல் பெயர், பிசிஐ சாதனங்களின் எண்ணிக்கை, 4 ஜிபிக்கு மேலுள்ள பரப்பில் குடியிருப்பவர்களின் பட்டியல், பாரின் அளவு ஆகிய நான்கையும் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு கோப்பில் சேர்க்கும் சிறிய ஸ்கிரிப்ட்டையும் எழுதினேன். பிறகு பைசெக்ட்டின் பதிவை ஒரு கோப்பாக எடுத்து, ஐந்தாவது குறியிலிருந்து கீழேயுள்ள வரிகளை அழித்து, மிச்சத்தை மீண்டும் ஓட்டும்படி கொடுத்தேன். முதல் நான்கு சுற்றுகளை மறுபடி கட்டவேண்டியிருக்கவில்லை.

இம்முறை ஐந்தாவது கெட்டது. அதன்பின் நல்லது, நல்லது, கெட்டது, நல்லது. கிடைத்த கமிட், பாலச் சன்னல்களின் அளவைக் கணக்கிடும் பகுதியில், மேலே இடம் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு செயற்கூற்றை எளிமையாக்கியிருந்தது. அதைத் திருப்பிவிட்டுக் கட்டியதும் 8192எம் வந்தது, கேப்சர் அட்டை துளையில் இருக்கும்போதே.

இனி அந்த 6 ஜிபிக் கணக்கு. பார் ஒன்றைப் பெரிதாக்கும்போது கெர்னல், அட்டைக்கு மேலேயுள்ள பாலத்தின் சன்னலை விடுவித்து, அதற்குள் அடங்கவேண்டியவற்றைக் கூட்டி, புதிய அளவில் சன்னலைக் கேட்கிறது. சன்னலின் வால்பகுதியை அது ஒரு படியின் முழு மடங்குக்கு உயர்த்துகிறது. மிகப் பெரிய பாருக்கும் அடுத்ததற்கும் அளவு வேறுபாடு பெரிதாக இருந்தால், அந்தப் படியின் அளவு மிகப் பெரிய பாரில் பாதி. 4 ஜிபி பாரும் 2 எம்பி பாரும் சேர்ந்தால் 4098 எம்பி. 2 ஜிபி படிகளில் உயர்த்தினால் 6 ஜிபி. 8 ஜிபி பாரும் 2 எம்பி பாரும் சேர்ந்தால் 8194 எம்பி. 4 ஜிபி படிகளில் உயர்த்தினால் 12288 எம்பி, அதாவது 12 ஜிபி. இரண்டு எம்பிக்காக நான்கு ஜிபி. கணினி தொடங்கும்போது இந்தக் கணக்கு தலைகாட்டுவதில்லை. ஏனென்றால் பயாஸ் இறுக்கமாகக் கட்டிவைத்த 258 எம்பி சன்னலைக் கெர்னல் அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

இந்த விரயத்தைக் கெர்னலைப் பராமரிப்பவர்கள் அறிந்தே இருந்தார்கள். அதற்காகவே, உயர்த்திய அளவுக்கு மேலே இடமில்லையென்றால் வாலைச் சுருக்கிக் கேட்கும் தளர்ந்த விதி ஒன்று இருக்கிறது. அந்த விதி பயன்படும்போது, இந்தச் சன்னலுக்குத் தளர்ந்த சீரமைப்பு விதி தேவைப்படுகிறது என்று பதிவில் ஒரு வரி விழும். பழைய கெர்னலின் பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்; அந்த வரி முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. புதிய கெர்னலின் பதிவில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதும் நான் புதியதில் முளைத்த வரிகளையே தேடிக்கொண்டிருந்தேன். காணாமற்போன வரியைக் கவனிக்கவில்லை.

ஏன் காணாமற்போனது? பழைய செயற்கூறு, மேலேயுள்ள பரப்பில் 12 ஜிபி அளவுக்குக் காலி இடம் உண்மையிலேயே கிடைக்கிறதா என்று, அங்கே குடியிருப்பவர்களை ஒவ்வொருவராகக் கடந்து தேடியது. எளிமையாக்கப்பட்ட செயற்கூறு, மேலேயுள்ள பரப்பின் மொத்த அகலம் கேட்ட அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. பரப்பு 12 ஜிபி. கேட்பது 12 ஜிபி. போதும் என்று விடை. தளர்ந்த விதிக்குப் போகவேண்டிய தேவையே எழவில்லை. பிறகு உண்மையில் ஒதுக்கும் கட்டம் வரும்போது, மேல்முனையில் கேப்சர் அட்டை 64 எம்பியில் உட்கார்ந்திருக்கிறது. காலி இடம் 12224 எம்பிதான். ஒதுக்கீடு தோற்கிறது, கெர்னல் பழைய 258 எம்பி சன்னலையே மீட்டு வைத்துவிட்டு, இடமில்லை என்று டிரைவரிடம் சொல்கிறது. தோட்டத்து வரைபடத்தில் பிளாக்கின் ஏக்கரை மட்டும் படித்துவிட்டு, மூலையில் இருக்கும் கோயிலைப் பார்க்காமல் முழு பிளாக்குக்கும் கன்று வாங்கி வந்து நிற்பது போன்ற தவறு.

முன்பு பொருந்தாமல் கிடந்தவை எல்லாம் இந்தக் கணக்கில் வந்து உட்கார்ந்தன. 4 ஜிபிக்கு விரிந்தது, 6 ஜிபி தாராளமாக இடம்பெற்றதால். கேப்சர் அட்டையைக் கழற்றியபோது 8 ஜிபி விரிந்தது, 12 ஜிபி முழுவதும் காலியாகி, உயர்த்திய அளவே இம்மி பிசகாமல் பொருந்தியதால். எல்லையைப் புறக்கணித்தபோது விரிந்தது, பரப்பே பெரிதாகிவிட்டதால். இது பலருக்கும் நேராமல் தம்பிக்கு நேர்ந்ததற்கும் காரணம் புரிந்தது: உயர்த்திய அளவு பரப்பின் மொத்த அகலத்துக்குள் அடங்கி, அதே வேளையில் அதே பரப்பில் இன்னொருவரும் குடியிருந்தால் மட்டுமே பிழை வெளிப்படும். பரப்பு 11 ஜிபியாக இருந்திருந்தால் மொத்த அகலமே போதாமல் தளர்ந்த விதி தானாக வந்திருக்கும். 16 ஜிபியாக இருந்திருந்தால் இருவருக்கும் இடம் இருந்திருக்கும்.

காகிதக் கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடவில்லை. சோதனை செயற்கூற்றுக்குள் கேட்கும் அளவு, பரப்பின் அகலம், கிடைத்த விடை ஆகிய மூன்றையும் அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்துக் கட்டினேன். 12288, 12288, உண்டு என்று பதிவில் விழுந்தது. பிறகு மொத்த அகலத்தை ஒப்பிடும் இடத்தில் காலி இடத்தைத் தேடும் பழைய அழைப்பை மீண்டும் வைத்தேன். இல்லை என்ற விடையும், அதன் கீழே தளர்ந்த விதியின் வரியும், ஐயோமெம்மில் 8194 எம்பி அளவில் ஒரு சன்னலும் வந்தன. ஸ்கிரிப்ட்டின் கோப்பில் சாதன எண்ணிக்கை சரியாக இருந்ததையும் பார்த்தேன்.

பைசெக்ட் முடிவு, இரு கெர்னல்களின் பதிவுகள், இரு முகவரி வரைபடங்கள், 12288 கணக்கு ஆகியவற்றை இணைத்துப் பிசிஐ பகுதியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினேன். அதே இடத்தைச் சரிசெய்யும் திருத்தம் ஒன்று ஏற்கெனவே வரிசையில் நிற்கிறது என்று பதில் வந்தது. அவர்களுடையது என்னுடையதைவிட நேர்த்தியானது. பாலங்கள் அடுக்கடுக்காக இருக்கும் அமைப்பில் ஒவ்வொரு நிலையிலும் காலி இடத்தைத் தேடுகிறது. நான் ஒற்றைப் பாலம் இருக்கும் இந்தப் பலகையை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். அவர்களுடைய திருத்தத்தைக் கட்டி, கேப்சர் அட்டையோடும் இல்லாமலும் இரண்டு முறை சோதித்து, நடந்ததை எழுதி அனுப்பினேன்.

தைப்பூசத்துக்கு முன் நான் கட்டிய கெர்னலோடு கணினியைத் தம்பியிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரக் காணொலியை ஏற்றுமதி செய்ய 47 நிமிடம் எடுத்தது 41 நிமிடமாகக் குறைந்தது. பெரிய வேறுபாடு அல்ல. இத்தனை இரவு உழைப்புக்கு ஆறு நிமிடம்தானா என்று வீட்டில் கேட்டபோது சிரித்துக்கொண்டேன். டைம்லைனில் இழுக்கும்போது வந்த தயக்கம் போய்விட்டதுதான் தம்பிக்கு முக்கியம். சில வாரங்கள் கழித்து, திருத்தம் சேர்ந்த கெர்னல் வழக்கமான புதுப்பிப்பிலேயே வந்தது. என்னுடையதை நீக்கிவிட்டுத் தொடங்கிப் பதிவைத் திறந்தேன்: விராம் 8176எம், பார் 8192எம்.

பக்கத்து மேசையில் தம்பி அப்போது ஒரு நாடாவை ஓடவிட்டிருந்தார். கோடுகள் விழுந்த படத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு கரகம் ஆடிக்கொண்டு போனது. கேப்சர் அட்டைக்கு மேலே மஞ்சள் தாள் இன்னும் ஒட்டியிருந்தது.